சிஎம்எஸ்: கிடைப்பதை எடுப்பதா, நமக்கென்று எழுதுவதா?

புதிதாக ஒரு வலைத்தளம் தொடங்கும்போதும் பழைய தளத்தைப் புதுப்பிக்கும்போதும் இந்தக் கேள்வி தவறாமல் வரும். வேர்ட்பிரஸ், டுருபல், ஜூம்லா மாதிரி ஏற்கெனவே இருக்கிற ஒன்றை நிறுவிக்கொள்வதா, இல்லை டெவலப்பரை வைத்து நம் தேவைக்கென்றே ஒரு சிஎம்எஸ் (தளத்தில் உள்ளடக்கத்தை எழுதி, திருத்தி, வெளியிட உதவும் மென்பொருள்) எழுதிக்கொள்வதா? இதற்காகக் கூடிப் பேசும் கூட்டங்களில் பேச்சு பெரும்பாலும் முதல் நாளையே சுற்றும். எது சீக்கிரம் முடியும், எது அழகாக இருக்கும், எதற்குச் செலவு குறைவு என்று. இவற்றைவிட முக்கியமாக எனக்குப் படுபவை இரண்டு. மூன்றாம் ஆண்டில் அந்தத் தளத்தை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்? உங்கள் உள்ளடக்கம் என்ன வடிவத்தில் இருக்கிறது? இவற்றுக்கு நேர்மையான பதில் கிடைத்துவிட்டால் மீதி முடிவு அனேகமாகத் தானாகவே வந்துவிடும்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். "எல்லாரும் வைத்திருக்கிற மாதிரி வேண்டாம், எங்கள் தளம் தனியாகத் தெரிய வேண்டும்" என்பதுதான் சொந்த சிஎம்எஸ் கேட்கிற பலர் சொல்லும் காரணம். அது தோற்றம் பற்றிய ஆசை. வாசகர் பார்க்கும் பக்கம் வேறு, ஆசிரியர் குழு உள்ளே போய் எழுதும் பக்கம் வேறு. முன்பக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தனித்துவமாகச் செய்யலாம். அதற்காகப் பின்பக்கத்தைப் புதிதாக எழுத வேண்டிய அவசியம் இல்லை. அமெரிக்க வெள்ளை மாளிகையின் தளம் 2009-இல் டுருபலுக்கு வந்தது, 2017-இல் வேர்ட்பிரஸுக்கு மாறியது. அந்தப் பக்கத்தைப் பார்க்கிறவருக்கு உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரியவா போகிறது? இன்னும் ஒரு படி போய், வேர்ட்பிரஸை எழுதுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, அதன் ரெஸ்ட் ஏபிஐ (மற்ற மென்பொருள்கள் தகவலை எடுத்துக்கொள்ளும் வழி) வழியாக உள்ளடக்கத்தை எடுத்து முன்பக்கத்தை முழுக்க வேறு தொழில்நுட்பத்தில் கட்டுகிறவர்களும் உண்டு. ஆகவே தோற்றத்துக்காக மட்டும் சொந்த சிஎம்எஸ் கேட்கிறீர்கள் என்றால், உங்களுக்கு வேண்டியது நல்ல வடிவமைப்பாளரும் ஒரு சொந்த தீமும் (தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் பகுதி)தான்.

சரி, பின்பக்கத்துக்கு வருவோம்.

சிஎம்எஸ் எழுதுவது சுலபம் என்று டெவலப்பர்கள் நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. ஒரு படிவம், ஒரு டேட்டாபேஸ், ஒரு பட்டியல், சேமி, திருத்து, நீக்கு. அவ்வளவுதானே? கொஞ்ச நாளில் டெமோ காட்டிவிடலாம். டெமோவில் தலைப்பு போட்டு, நான்கு வரி எழுதி, ஒரு படத்தை ஏற்றி, சேமித்தால் பக்கம் வந்துவிடும். எல்லாரும் கைதட்டுவார்கள். உண்மையான ஆட்கள் உட்கார்ந்து தினமும் எழுதத் தொடங்கும்போதுதான் வேலையே ஆரம்பிக்கிறது. ஒருவர் வேர்ட் கோப்பிலிருந்து கட்டுரையை அப்படியே ஒட்டுவார். அதோடு கண்ணுக்குத் தெரியாத வடிவமைப்புக் குப்பை எல்லாம் சேர்ந்து வந்து பக்கத்தைக் கோணலாக்கும். இரண்டு பேர் ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் திறப்பார்கள்; கடைசியாகச் சேமித்தவரின் திருத்தம் மட்டும் மிஞ்சும். பாதி எழுதும்போது இணைப்பு போய்விடும். நேற்றைய வடிவம்தான் நன்றாக இருந்தது, அதைத் திரும்ப எடுக்க முடியுமா என்று ஆசிரியர் கேட்பார். கேமராவிலிருந்து இறக்கிய பிரம்மாண்டமான படத்தை அப்படியே ஏற்றுவார்கள். முகவரியை மாற்றினால் பழைய லிங்க் எல்லாம் செத்துப்போகும். நாளைக் காலை தானாக வெளியாகும்படி போட முடியாதா என்பார் ஒருவர். பயிற்சி பெறுபவர் எழுதுவதை மூத்தவர் பார்த்த பிறகுதான் வெளியிட வேண்டும் என்பார் இன்னொருவர்.

வேர்ட்பிரஸில் இவை எல்லாம் நிறுவியவுடனே இருப்பவை: தானாகச் சேமித்தல், பழைய வடிவங்கள், ஒருவர் திறந்திருந்தால் மற்றவருக்கு எச்சரிக்கை, படத்தைப் பல அளவுகளில் வெட்டிவைத்தல், முகவரி மாறினால் பழைய லிங்கிலிருந்து திருப்பிவிடுதல், நேரம் குறித்து வெளியிடுதல், எழுத்தாளர்-ஆசிரியர்-நிர்வாகி என்று அதிகாரப் பிரிவுகள், புதிய பதிவுகளைத் தெரிவிக்கும் ஊட்டம், தேடுபொறிக்கான தளவரைபடம். 2003-இல் மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் பி2 என்ற பழைய மென்பொருளைப் பிரித்தெடுத்துத் தொடங்கியதிலிருந்து உலகம் முழுக்க எத்தனையோ பேர் முட்டி மோதிச் சரிசெய்தவை இவை. சொந்தமாக எழுதும்போது இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு தனி வேலை. விலைப்பட்டியலில் எதுவுமே இருக்காது, ஏனென்றால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இதெல்லாம் இருக்கத்தானே வேண்டும் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். சொல்லவே இல்லையே என்று டெவலப்பர் நினைத்திருப்பார். சண்டை அங்கேதான் தொடங்கும்.

பெரிய நிறுவனங்கள் சொந்தமாகத்தானே வைத்திருக்கின்றன என்ற வாதமும் வரும். உண்மைதான். நியூயார்க் டைம்ஸ் ஸ்கூப் என்ற சொந்த சிஎம்எஸ்ஸில் இயங்குகிறது. வாஷிங்டன் போஸ்ட் தனக்கென்று எழுதிய ஆர்க்கை மற்ற பத்திரிகைகளுக்கும் விற்கும் தொழிலாகவே வளர்த்தது. ஆனால் வாக்ஸ் மீடியாவின் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோரஸ் என்ற அவர்களின் சொந்த சிஎம்எஸ் ஊடக உலகில் பெரிதாகப் பேசப்பட்டது. 2018-இல் அதை மற்ற பதிப்பாளர்களுக்கும் விற்கத் தொடங்கினார்கள். 2023-இல் தங்கள் தளங்களையே கோரஸிலிருந்து, பெரிய நிறுவனங்களுக்கான வேர்ட்பிரஸ் சேவையான வேர்ட்பிரஸ் விஐபிக்கு மாற்றப்போவதாகத் தெரிவித்தார்கள். சிஎம்எஸ் எழுதுவதை முழுநேர வேலையாகச் செய்ய ஒரு குழுவே வைத்திருந்த நிறுவனத்தின் நிலை இது. உங்களுக்கு எழுதித் தரப்போகிறவர் அடுத்த ஆண்டு வேறு வேலைக்குப் போய்விடக்கூடிய ஒரே ஒருவர் என்றால் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

மூன்றாம் ஆண்டில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நான் கேட்பதற்கு ஒரு நல்ல சான்று, வலைத்தளங்கள் எழுதப் பயன்படும் பிஎச்பி என்ற நிரல்மொழி. ஒரு காலத்தில் எழுதப்பட்ட சொந்த சிஎம்எஸ்கள் பெரும்பாலும் பிஎச்பியில், டேட்டாபேஸோடு பேசுவதற்கு mysql என்று தொடங்கும் பழைய ஃபங்ஷன்களை வைத்து எழுதப்பட்டவை. 2015 டிசம்பரில் வெளிவந்த பிஎச்பி 7 அந்த ஃபங்ஷன்களை அடியோடு நீக்கிவிட்டது. பழைய 5.6 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2018 இறுதியோடு நின்றன. வேர்ட்பிரஸ் வைத்திருந்தவர்கள் இதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். 2014-இல் வந்த 3.9 பதிப்பிலேயே அது புதிய முறைக்கு மாறிவிட்டது. சொந்தமாக எழுதி வைத்திருந்தவர்களுக்கோ இரண்டே வழி: கோடு (நிரல்) முழுக்கத் திறந்து திருத்துவது, அல்லது பாதுகாப்பில்லாத பழைய பதிப்பிலேயே சர்வரை ஓட்டுவது. எழுதியவர் தொடர்பில் இல்லாத இடங்களில் இரண்டாவதுதான் நடக்கும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று எழுத்துக் குறியீடு. மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் utf8 என்று பெயர் வைத்திருந்த எழுத்துக் குறியீடு உண்மையில் ஓர் எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் தாங்கும். தமிழுக்கு மூன்று பைட் போதும், அதனால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். யாராவது ஓர் எமோஜி போடும்வரை. அதற்கு நான்கு பைட் வேண்டும். சில அமைப்புகளில் எமோஜி வந்த இடத்தோடு மீதி உரையே வெட்டுப்பட்டுப் போகும். வேர்ட்பிரஸ் 2015-இல் 4.2 பதிப்பில் இதைத் தானாகவே மாற்றிக்கொடுத்தது. சொந்த சிஎம்எஸ்ஸில் இதை யாராவது தெரிந்துவைத்துச் செய்திருந்தால் உண்டு.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஆயத்த சிஎம்எஸ்ஸை நிறுவினால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைக்க வேண்டாம். அங்கே வேறு மாதிரித் தலைவலி.

முதலாவது பாதுகாப்பு. 2014 அக்டோபர் 15 அன்று டுருபல் 7-இல் ஒரு பெரிய ஓட்டை அறிவிக்கப்பட்டுத் திருத்தமும் வெளியிடப்பட்டது. இரண்டு வாரம் கழித்து டுருபலின் பாதுகாப்புக் குழுவே சொன்னது: அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் திருத்தாத தளங்கள் எல்லாம் ஊடுருவப்பட்டுவிட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று. கோடு எல்லாரிடமும் இருப்பதன் விளைவு அது. எந்த இடத்தில் ஓட்டை என்று தெரிந்த உடனே உலகத்தில் உள்ள எல்லாத் தளங்களையும் தானியங்கியாகத் தட்டிப்பார்க்கலாம். வேர்ட்பிரஸில் 2013-இலிருந்து சிறு பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே ஏறிவிடும் என்பதால் மையக் கோடு ஓரளவு பாதுகாப்பானது. ஆபத்து பெரும்பாலும் பிளகின்களில், அதாவது கூடுதல் வசதிக்காக ஏற்றும் துணை மென்பொருள்களில், இருக்கிறது. ஒரு படிவத்துக்கு ஒன்று, ஸ்லைடருக்கு ஒன்று, பகிர்வுப் பொத்தானுக்கு ஒன்று என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். அதில் ஒன்றை எழுதியவர் பராமரிப்பதை எப்போதோ விட்டிருப்பார்.

"அப்படியானால் சொந்த சிஎம்எஸ் பாதுகாப்பானதுதானே, அதன் கோடு யாருக்கும் தெரியாதே?" என்பார்கள். இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. கூட்டத்தோடு தாக்கப்படும் ஆபத்து குறைவு என்பது மட்டும்தான் சரி. படம் ஏற்றும் இடத்தில் பிஎச்பி கோப்பை ஏற்றினால் ஏற்றுக்கொள்கிறதா, முகவரியில் உள்ள எண்ணோடு ஒரு மேற்கோள் குறியைச் சேர்த்தால் டேட்டாபேஸ் பிழை தெரிகிறதா என்றெல்லாம் பார்க்கும் தானியங்கிகளுக்கு உங்கள் சிஎம்எஸ்ஸின் பெயர் தெரிய வேண்டியதில்லை. பொதுவான சிஎம்எஸ்ஸில் ஓட்டை இருந்தால் யாராவது கண்டுபிடித்துச் சொல்வார்கள், திருத்தமும் வரும். உங்களுடையதில் ஓட்டை இருந்தால் அதை உங்களிடம் வந்து சொல்ல யாரும் இல்லை. பழைய கைவேலை சிஎம்எஸ்களில் பாஸ்வேர்டை எளிதில் உடைக்கக்கூடிய வெறும் எம்டி5 வடிவில் வைத்திருப்பதை இப்போதும் பார்க்கலாம்.

இரண்டாவது, அடுத்தவர் முடிவுக்கு நாம் கட்டுப்படுவது. டுருபல் 7-இலிருந்து 8-க்குப் போவது அப்டேட் அல்ல, தளத்தைத் திரும்பக் கட்டுவதுதான். எவ்வளவு பேர் அதில் மாட்டிக்கொண்டார்கள் என்றால், 7-க்கான ஆதரவை நிறுத்தும் தேதியைப் பலமுறை தள்ளிப்போட்டுக் கடைசியில் 2025 ஜனவரி 5 அன்றுதான் முடித்தார்கள். வேர்ட்பிரஸ் 2018 டிசம்பரில் எழுதும் திரையையே மாற்றியது. பழைய திரையே வேண்டும் என்பவர்களுக்காகத் தனியாக ஒரு பிளகின் விட வேண்டி வந்தது. 2024 அக்டோபரில் நடந்தது இன்னும் விசித்திரம். வேர்ட்பிரஸை உருவாக்கியவர் தரப்புக்கும் டபிள்யூபி எஞ்சின் நிறுவனத்துக்கும் இடையிலான தகராறில், அந்த நிறுவனத்துக்குச் சொந்தமான, மிகப் பலர் பயன்படுத்திய அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் பிளகினுக்குப் பிளகின் பட்டியலில் இருந்த இடத்தை, அந்தப் பட்டியலை நடத்தும் வேர்ட்பிரஸ்.ஆர்க் எடுத்துக்கொண்டு வேறு பெயரில் வெளியிட்டது. தானியங்கி அப்டேட் போட்டிருந்த தளங்களில் ஒரு பிளகின் இருந்த இடத்தில் இன்னொன்று வந்து நின்றது. நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு டிசம்பரில் அந்த இடம் பழையவர்களிடமே திரும்பிச் சேர்ந்தது. இதில் யார் பக்கம் நியாயம் என்பது இங்கே பேச்சு இல்லை. ஓப்பன் சோர்ஸ் என்பதால் மட்டும் சாவி உங்கள் கையில் இருப்பதாக ஆகிவிடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி உள்ளடக்கத்தின் வடிவம். இதுதான் முடிவை உண்மையில் தீர்மானிக்க வேண்டிய இடம், ஆனால் கூட்டங்களில் அதிகம் பேசப்படாததும் இதுதான்.

உங்கள் தளத்தில் இருப்பவை கட்டுரை, செய்தி, எங்களைப் பற்றி, தொடர்புக்கு என்றால் யோசிக்க ஒன்றும் இல்லை, வேர்ட்பிரஸ் போதும். மாறாக, ஒரு பழைய புகைப்படக் காப்பகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் எடுத்தவர், எடுத்த இடம், உத்தேச ஆண்டு, படத்தில் உள்ளவர்கள், யாரிடமிருந்து பெற்றது, என்ன உரிமம் என்று தகவல் உண்டு. படத்தில் உள்ளவர் இன்னொரு படத்தை எடுத்தவராகவும் இருக்கலாம். "இந்த ஊரில், இந்தப் பத்தாண்டில், இவர் எடுத்த, தடையின்றிப் பயன்படுத்தக்கூடிய படங்கள்" என்று வாசகர் தேட வேண்டும். இதையும் வேர்ட்பிரஸில் செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். ஆனால் கூடுதல் தகவல் எல்லாவற்றையும் அது போஸ்ட்மெட்டா என்ற ஒரே டேபிளில், ஒரு தகவலுக்கு ஒரு வரிசை என்று போட்டுவைக்கும். நான்கு நிபந்தனையோடு தேடினால் அதே டேபிளை நான்கு முறை இணைத்துப் பார்க்க வேண்டும். மதிப்பு இருக்கும் பத்திக்கு, விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ் கிடையாது. சில நூறு படம் வரை தெரியாது. பல்லாயிரம் ஆகும்போது தேடல் பக்கம் மூச்சு வாங்கும். இந்த மாதிரித் தளத்துக்குச் சொந்தமாக எழுதுவது ஆடம்பரம் அல்ல, தேவை. எனினும் நேராக அங்கே போகும் முன் டுருபலை ஒருமுறை பாருங்கள். புலங்களையும் அவற்றுக்கிடையே உள்ள உறவுகளையும் திரையிலேயே வரையறுப்பதில் அது வேர்ட்பிரஸைவிடப் பல படி மேல். கற்றுக்கொள்ளக் கொஞ்சம் கஷ்டம், அவ்வளவுதான்.

தமிழில் தளம் நடத்துகிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கூடுதலாகச் சோதித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, முகவரி. வேர்ட்பிரஸில் ஒரு பதிவின் முகவரிப் பகுதிக்கு 200 இடம்தான். தமிழ் எழுத்துகள் அங்கே குறியீடாக மாற்றப்படும்போது ஒரு குறிக்கு 9 இடம் போய்விடும். கொம்பு, கால், புள்ளி எல்லாமே தனித்தனிக் குறிகள். ஆக 22 குறிகளோடு முகவரி அறுந்துவிடும். தலைப்பு நான்கைந்து சொல்லைத் தாண்டினால் முகவரி பாதிச் சொல்லில் நிற்பது இதனால்தான். கையால் சிறிய முகவரி கொடுக்க ஆசிரியர் குழுவைப் பழக்க வேண்டும். இன்னொன்று, தேடல். வேர்ட்பிரஸின் தேடல் கொடுத்த எழுத்துத் தொடர் அப்படியே உள்ளதா என்று மட்டும் பார்க்கும். "பள்ளி" என்று தேடினால் "பள்ளியில்" கிடைக்கும். "மரம்" என்று தேடினால் "மரத்தில்" கிடைக்காது. இது சொந்த சிஎம்எஸ்ஸின் பக்கம் ஒரு புள்ளி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கேயும் வேற்றுமை உருபுகளைப் பிரித்துத் தேடும் வேலையை யாராவது செய்தால்தான் உண்டு, செய்யாவிட்டால் அதே கதைதான். தேடல் அவ்வளவு முக்கியம் என்றால் அதைத் தனியாகக் கட்டி, எந்த சிஎம்எஸ்ஸோடும் இணைத்துவிடலாம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. என்னைக் கேட்டால் சொந்தமாக எழுத நினைக்கும் பெரும்பாலானவர்களுக்கு அதுதான் பொருத்தம். வெறும் தரையிலிருந்து தொடங்காமல், ஒரு ஃப்ரேம்வொர்க்கின் (பொதுவான பகுதிகளை முன்கூட்டியே எழுதிவைத்த அடித்தளம்) மேல் கட்டுவது. ஜாங்கோ அப்படிப்பட்டது. அது பிறந்ததே கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டு நாளிதழ் அலுவலகத்தில். 2005-இல் ஓப்பன் சோர்ஸாக வெளிவந்தது. உங்கள் உள்ளடக்கத்தின் வடிவத்தை எழுதிக்கொடுத்தால் நிர்வாகத் திரையை அதுவே உருவாக்கிவிடும். லாகின், பாஸ்வேர்ட், அதிகாரம் எல்லாம் கூடவே வரும். கட்டுரை எழுதும் வசதியும் நன்றாக வேண்டுமென்றால் அதன் மேலேயே இயங்கும் வாக்டெயில் என்ற சிஎம்எஸ் இருக்கிறது. லாராவெல் என்ற பிஎச்பி ஃப்ரேம்வொர்க் தெரிந்தவர்களுக்கு ஃபிலமென்ட், ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் ஸ்ட்ராப்பி. இவற்றில் டேபிள்கள் உங்களுடையவை, வடிவம் உங்களுடையது; ஆபத்தான, அலுப்பான பகுதிகளை மட்டும் மற்றவர்கள் எழுதிப் பராமரிக்கிறார்கள். முக்கியமாக, ஜாங்கோ தெரிந்த இன்னொருவரைத் தேடிப் பிடிக்க முடியும். ஒருவர் தன் மனம்போன போக்கில் எழுதிய கோடைப் படித்துப் புரிந்துகொள்ள யாரும் விருப்பத்தோடு வரமாட்டார்கள். எழுதும் திரையை, அதாவது எடிட்டரை, மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சொந்தமாக எழுத முயலாதீர்கள். அது ஒரு புதைகுழி.

எச்சரிக்கையோடு அணுக வேண்டியது இன்னொரு வகை. "எங்கள் நிறுவனத்தின் சொந்த சிஎம்எஸ், உங்களுக்கேற்ப மாற்றித் தருகிறோம்" என்று வலைத்தள நிறுவனங்கள் தருவது. கேட்க இரண்டின் நன்மையும் சேர்ந்த மாதிரி இருக்கும். நடைமுறையில் பெரும்பாலும் இரண்டின் குறைகளும்தான் சேர்கின்றன. பொதுவானது அல்ல, ஆகவே வெளியே உதவி கிடைக்காது. உங்களுக்கென்று எழுதியதும் அல்ல, ஆகவே உங்கள் உள்ளடக்கத்தின் வடிவத்துக்கு வளையாது. கோடு அவர்களிடம், ஹோஸ்டிங் (தளம் இயங்கும் சர்வர் இடம்) அவர்களிடம், சில நேரம் டொமைனும் (தளத்தின் முகவரிப் பெயர்) அவர்கள் பெயரில். வேறு இடத்துக்குப் போக நினைத்தால் எல்லாவற்றையும் கையால் எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும். விக்ஸ் மாதிரி இழுத்துப்போட்டுக் கட்டும் சேவைகளிலும் தளத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வேறு சர்வருக்குப் போக முடியாது. ஆனால் அங்கே அது முன்கூட்டியே தெரிந்த நிபந்தனை, விலையும் வெளிப்படை. நான்கு பக்கத் தளத்துக்கு அது தாராளமாகப் போதும்.

ஆகவே தளத்துக்கென்று முழுநேர டெவலப்பர் இல்லாதவர்கள் ஆயத்த சிஎம்எஸ்ஸை எடுங்கள், பிளகின்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், அப்டேட்டும் பேக்கப்பும் யார் பொறுப்பு என்று ஒருவர் பெயரை எழுதிவையுங்கள். உள்ளடக்கத்தில் பெரும்பகுதி கட்டுரை, ஒரு பகுதி மட்டும் சிக்கலானது என்றால், அந்தப் பகுதியை மட்டும் தனியாக ஃப்ரேம்வொர்க்கில் கட்டி, ஒரே தளமாகத் தெரியும்படி இணையுங்கள். தளமே ஒரு தரவுக் களஞ்சியம், அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கிறார் என்றால் சொந்தமாக எழுதுவதற்குத் தயங்க வேண்டாம்.

சொந்தமாக எழுதும் முடிவை எடுத்தவர்கள் ஒப்பந்தத்தில் சில விஷயங்களைச் சேர்த்துவிட வேண்டும். கோடு முதல் நாளிலிருந்தே உங்கள் பெயரில் உள்ள கிட் கணக்கில் (கோடையும் அதன் மாற்றங்களையும் சேமித்துவைக்கும் இடம்) ஏற வேண்டும். கடைசியில் ஜிப் கோப்பாகத் தருகிறேன் என்பதை ஏற்காதீர்கள். டொமைனும் ஹோஸ்டிங்கும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். முழு உள்ளடக்கத்தையும் படங்களோடு ஒரே சொடுக்கில் வெளியே எடுக்கும் வசதியை முதல் கட்டத்திலேயே கேளுங்கள். அதைச் செய்து காட்டிய பிறகுதான் அடுத்த தவணை. புதிய சர்வரில் இதை எப்படி நிறுவுவது என்ற குறிப்பையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்புறம், இதில் சம்பந்தப்படாத வேறொரு டெவலப்பரிடம் அந்தக் குறிப்பை மட்டும் கொடுத்து, தளத்தை நிறுவிப் பார்க்கச் சொல்லுங்கள். அவரால் முடியவில்லை என்றால் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.